காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே ஒரு பாட்டு, வெளியே ஒரு பாட்டு

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது, தனியார் நிறுவனத்தில் கணக்கர். அவரும் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனும் சேர்ந்து சென்ற கிறிஸ்துமஸுக்கு வீட்டு முகப்பில் 800 பிக்சல் விளக்குகளைக் கட்டி, பாட்டின் தாளத்துக்கு அவை நிறம் மாறி எரியும்படி செய்திருக்கிறார்கள். மொத்தம் ஆறு பாடல்கள். இரண்டு, வீட்டிலிருந்த பழைய சி.டி.யிலிருந்து எடுத்தவை. மற்ற நான்கும் யூடியூப் காணொளிகளிலிருந்து ஓர் இலவச இணையதளத்தின் உதவியால் ஒலியை மட்டும் பிரித்து எம்.பி.3 ஆக இறக்கி, பிறகு சுருக்கப்படாத வேவ் ஒலிக் கோப்பாக மாற்றியவை.

தினமும் இரவு 7 மணிக்குத் தொடங்கி 10:30 வரை ஓடியிருக்கிறது. மூன்றாம் நாள் யாரோ ஒருவர் கேட்டருகே காலி அல்வா டப்பா ஒன்றை வைத்துவிட்டுப் போக, பத்தும் இருபதுமாக விழுந்து புத்தாண்டுக்குள் 3,460 ரூபாய் சேர்ந்திருக்கிறது. எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அவர் மனைவி ஒருநாள் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மகன் விளக்குகளைப் படமெடுத்து யூடியூபில் போட்டதும் பதிப்புரிமைக் கோரல் வந்திருக்கிறது. பிப்ரவரியில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, தாம் பாடல் நிறுவனத்தின் பிரதிநிதி என்றும், 15,000 ரூபாயைத் தம் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பாவிட்டால் வழக்கு வரும் என்றும் சொல்லியிருக்கிறார். வாசகரின் மைத்துனரோ, “முப்பது வினாடிக்கு உட்பட்டால் குற்றமில்லை, கோப்பின் வகையை மாற்றிவிட்டால் அது வேறு பாட்டு, பாடகர் பெயரைப் போட்டால் போதும், லாபம் இல்லையென்றால் சட்டம் தொடாது” என்று தைரியம் சொல்கிறாராம். வாசகரின் கேள்வி இது: வரும் டிசம்பரில் விளக்குப் போடலாமா, வேண்டாமா?

போடுங்கள். விளக்குகளின்மேல் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் மைத்துனரின் சட்ட அறிவைத்தான் பரணில் ஏற்றி வைக்க வேண்டியிருக்கிறது. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், என்னிடம் வரும் மண்டபக்காரர்களும் மைக் செட் வைத்திருப்பவர்களும் இதே நான்கையும் இதே வரிசையில் சொல்வார்கள்.

டப்பா மாறியது, பண்டம் மாறவில்லை

ஒரு பாட்டு என்று நாம் சொல்வது சட்டத்தின் கண்ணில் ஒரே சொத்தாக இருப்பதில்லை. வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் என்ற வகையில் இன்னோர் உரிமை. நீங்கள் சி.டி. வாங்கியபோது அந்த வட்டு உங்களுடையதாயிற்று. இந்த உரிமைகளில் ஒன்றும் உங்கள் கைக்கு வரவில்லை.

பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 14ஆம் பிரிவு, ஒலிப்பதிவை உள்ளடக்கிய இன்னொரு பதிவைச் செய்யும் உரிமையை உரிமையாளருக்கே தருகிறது. 2012 திருத்தம், எந்த ஊடகத்தில் மின்னணு முறையில் சேமித்தாலும் அதுவும் இதில் அடங்கும் என்று சேர்த்தது. ஆகவே எம்.பி.3, வேவ் என்ற வேறுபாடு சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒலிக்கும்கூட அப்படித்தான். நான்கு நிமிடப் பாட்டு 128 கிலோபிட் எம்.பி.3 ஆக இருந்தால் சுமார் 4 எம்.பி. இடம் பிடிக்கும், அதைச் சி.டி. தரத்து வேவ் ஆக்கினால் 40 எம்.பி.யைத் தாண்டும். பத்து மடங்கு பெருத்த பிறகும் எம்.பி.3 ஆக்கியபோது தொலைந்த ஒலி திரும்பி வராது. அரைப்படிப் பாலை அண்டாவில் ஊற்றினால் அண்டா நிறையப் பால் ஆகிவிடுமா என்ன?

முப்பது வினாடிக் கணக்கு எங்கிருந்து கிளம்பியதோ, சட்டத்தில் அப்படி ஓர் எண்ணே கிடையாது. பெயர் போடுவது மரியாதை, அது அனுமதியாகாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியால் பாடகரின் குரலை நீக்கிவிட்டால் என்ன என்று உங்கள் மகன் கேட்டிருக்கிறான். மிஞ்சுவது அதே மெட்டு, அதே ஒலிப்பதிவின் மிச்சம். குரல் போனதால் பாடல் அநாதையாகிவிடுவதில்லை.

சுவர்தான் எல்லை

பாட்டைப் பிரித்ததும் மாற்றியதும்தான் உங்களை உறுத்துகிறது என்று கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது, அந்தப் பாட்டு யார் காதில் விழுந்தது என்பது.

சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் ஒரு படைப்பைக் கையாள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய சி.டி.யிலிருந்து பாட்டைக் கணினியில் ஏற்றி, மகன் அறைக்குள் உட்கார்ந்து விளக்குக்கு ஏற்பப் பிரித்து அடுக்கியதை இந்த விலக்கின்கீழ் என்னால் நிமிர்ந்து நின்று வாதாட முடியும். யூடியூபிலிருந்து உருவியவற்றுக்கு அவ்வளவு தெம்போடு நிற்க முடியாது. தளமே தரும் வசதி அல்லது உரிய அனுமதி இல்லாமல் இறக்கக்கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமலே ஒப்புக்கொண்டது. கட்டணச் செயலிகளில் பூட்டுப் போட்டு வரும் பாடல்களின் பூட்டை உடைத்து எடுப்பது அதையும் தாண்டிய வம்பு. உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படிச் செய்தால் 65ஏ பிரிவின்கீழ் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

சரி, அறைக்குள் நடந்தது இது. ஸ்பீக்கர் பெட்டி மாடியில் ஏறித் தெருவைப் பார்த்துத் திரும்பிய நிமிடமே கதை மாறிவிட்டது. பொதுமக்கள் கேட்கும்படி செய்வதைச் சட்டம் பொதுமக்களுக்கு வழங்குதல் என்று சொல்கிறது. அந்த உரிமையும் உரிமையாளருக்கே உரியது. கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் உங்கள் வீட்டார் இல்லை. என் வீடு, என் விளக்கு, என் மின்கட்டணம் என்ற வாதம் நீதிமன்றப் படியேறினால் அரை மணி நேரம் தாங்காது.

“கிறிஸ்துமஸ் ஒரு மத விழாதானே, அதற்கு விலக்கு உண்டு என்று படித்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தது சரி. உண்மையான மதச் சடங்கின்போது பாடலை ஒலிக்கச் செய்தால் அது மீறலாகாது. திருமண ஊர்வலத்துக்கும் திருமணக் கொண்டாட்டங்களுக்கும்கூட அந்த விலக்கு எட்டும். குடிலுக்கு முன் ஜெபம் நடத்தி அந்த நேரத்தில் கீர்த்தனை ஒலித்தால் விலக்கைக் கேட்கலாம். பதினைந்து நாள், மூன்றரை மணி நேரம், நடுவே இரண்டு திரைப்பாடல்கள்: இதைச் சடங்கு என்று நீதிபதி முன் சொல்ல எனக்கு நா எழாது.

தண்டனையை நினைத்துத் தூக்கம் கெட்டதாகச் சொல்கிறீர்கள். 63ஆம் பிரிவு, தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. வியாபார லாபத்துக்காகச் செய்யாதவருக்கு இந்தக் குறைந்தபட்ச அளவுகளைவிடக் குறைவாகவும் நீதிமன்றம் விதிக்கலாம். இது காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னதால், சும்மா விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. வீட்டு விளக்குக்காக ஒருவர் உள்ளே போனதை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. ஆனால் “தெரிந்தே” என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்ற டிசம்பரில் உங்களுக்குத் தெரியாது. யூடியூப் கோரல் வந்துவிட்டது, இந்தப் பதிலையும் படித்துவிட்டீர்கள். வரும் டிசம்பரில் தெரியாது என்று சொல்ல முடியாது.

அந்த அல்வா டப்பாவை எடுத்துவிடுங்கள். வைத்தது யாரோ, எண்ணியது நீங்கள். 3,460 ரூபாயை ஆலயத்துக்கோ ஆதரவற்றோர் இல்லத்துக்கோ கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். ரசீது நடந்ததை அழிக்காது. லாபம் பார்க்கவில்லை என்பதற்கு ஒரு தாளாவது கையில் இருக்கும்.

தொலைபேசியில் வந்தவர்

பணம் அனுப்பாதீர்கள். மிரட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அடுத்த முறை அழைத்தால் நான்கு விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்த எந்தப் பாடல், அவற்றில் எந்த உரிமை (வரியா, மெட்டா, ஒலிப்பதிவா), அந்த உரிமை அவர்களுக்கு வந்ததற்கான ஆவணம், கட்டண விகிதமும் ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய ரசீதும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு. உண்மையான உரிமையாளரிடமும் பதிவு பெற்ற பதிப்புரிமைச் சங்கத்திடமும் இந்தத் தாள்கள் இருக்கும். பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கம் இருக்கிறது. தனிநபரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் கேட்பவரிடம் பெரும்பாலும் இருக்காது.

ஒருவேளை அசல் நிறுவனமே வழக்கறிஞர் மூலம் அறிவிக்கை அனுப்பினால் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள். அந்த நிறுவனம் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே உரிமையியல் வழக்குத் தொடர 62ஆம் பிரிவு இடம் தருகிறது. பாளையங்கோட்டையில் போட்ட விளக்குக்குச் சென்னைக்கு அலைய வேண்டியிருக்கும். வணிக நோக்கமில்லை, நிறுத்திவிட்டோம், இனிச் செய்யமாட்டோம் என்று ஒரு வழக்கறிஞர் மூலம் முறையாகப் பதில் அனுப்பினால் இத்தகைய விவகாரங்கள் பெரும்பாலும் அந்தத் தபாலோடு அடங்கிவிடும்.

யூடியூபில் வந்தது கோரல்; அது ‘ஸ்டிரைக்’ எனப்படும் தண்டனைப் புள்ளி இல்லை. காணொளியின் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது காணொளி மறைக்கப்படலாம். மகனின் கணக்குக்கு ஆபத்தில்லை. மைத்துனர் பேச்சைக் கேட்டு மறுப்புத் தெரிவித்து, அது நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீடும் செய்து தோற்றால் காணொளியை நீக்கும் கோரிக்கை வரும். அப்போது தண்டனைப் புள்ளி விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் கணக்கே மூடப்படலாம். பாட்டை மட்டும் நீக்கவோ மாற்றவோ அந்தத் தளத்திலேயே வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி முடித்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு ஜன்னல்

பதிப்புரிமைக்காரர் சென்னையில் இருக்கிறார். எதிர்வீட்டு அண்ணாச்சி இருபதடி தூரத்தில் இருக்கிறார். முதலில் அவரைக் கவனியுங்கள். ஒலி மாசு விதிகள், 2000இன்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. உங்கள் காம்பவுண்டு எல்லையில் அந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. விதிகளின் கணக்கில் இரவு என்பது 10 மணிக்குத் தொடங்குகிறது. ஆகவே நீங்கள் தினமும் அரை மணி நேரம் விதியை மீறியிருக்கிறீர்கள். பண்டிகை நாட்களுக்கு நள்ளிரவு வரை தளர்வு தரும் அதிகாரம் அரசுக்கு உண்டு, ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். அது உங்களுக்குத் தானாகக் கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். 9 மணிக்கு நிறுத்திவிடுங்கள். 9 மணிக்கு மேல் பாட்டில்லாமல் விளக்கு மட்டும் ஓடட்டும், யாரும் கேட்கப்போவதில்லை.

சத்தத்தைத் தவிர்க்கச் சின்ன எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கி, காரில் வருபவர்களை ரேடியோவில் கேட்கச் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். இங்கே வானொலி அலையில் ஒலிபரப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும். தெருவில் கேட்டது போதாதென்று ஒலிபரப்பு வேறு சேர்ந்துகொள்ளும். வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. பிக்சல் மாலை 5 அல்லது 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது, ஆனால் அதற்கு மின்சாரம் தரும் பெட்டிக்குள் 230 வோல்ட் போகிறது. இரும்புக் கேட்டில் கசிந்து ஒரு பிள்ளைக்கு அடித்துவிட்டால் பதிப்புரிமையெல்லாம் தூசு. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு ஐந்து ஆண்டு வரை போகிறது. மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், கேட்டில் மாலை சுற்றாதீர்கள்.

வரும் டிசம்பருக்கு

வழிகள் மூன்று. உரியவர்களிடம் உரிமம் வாங்குவது ஒன்று. ஆறு பாடலுக்கு ஆறு திசையில் அலைய வேண்டும், செலவும் உங்கள் சம்பளத்துக்குக் கட்டுபடியாகாது. திறந்த உரிமத்தில் கிடைக்கும் இசையைப் பயன்படுத்துவது இரண்டாவது. அத்தகைய உரிம வகையான கிரியேட்டிவ் காமன்ஸ் என்று இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. மாற்றியமைக்கக்கூடாது என்ற நிபந்தனை உள்ள இசையை, நகரும் படத்தோடு நேரம் பொருத்தினால் அது மாற்றியமைத்ததாகவே அந்த உரிமத்தில் கருதப்படும். மகன் எடுக்கும் காணொளிக்கு இது பொருந்தும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் 1864இல் மறைந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரைதான் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை. அவர் கீர்த்தனைகள் பொதுச்சொத்தாகி எத்தனையோ காலம் ஆயிற்று. கார்த்திகைக்கோ தைப்பூசத்துக்கோ விளக்குப் போடும் வாசகர்களுக்கு, சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து இருக்கிறது. அவர் 1891இல் மறைந்தவர். சிந்தின் நடைக்கு விளக்கு துள்ளுவதைப்போல் வேறெதற்கும் துள்ளாது என்பது என் கட்சி. ஆனால் அந்தக் கீர்த்தனையை இன்றைய பாடகர் ஒருவர் பாடி வெளியிட்ட ஒலிப்பதிவு வேறு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு; 1964இல் வந்த பதிவின் உரிமை 2024 டிசம்பர் 31ஆம் தேதிதான் முடிந்தது. அப்படி ஒரு பழைய பதிவு கிடைத்தாலும், மெட்டுப் போட்டவர் 1990இல் இறந்திருந்தால் மெட்டின் உரிமை 2050 முடியும்வரை நிற்கும். பழைய பாட்டு என்றாலே இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆகவே நீங்களே பதிவு செய்யுங்கள். உங்கள் திருச்சபைச் சேகரத்தில் பாடகர் குழு இருக்குமே. சேகரகுருவிடம் சொல்லி, ஒரு சனிக்கிழமை மாலை நான்கு கீர்த்தனைகளைப் பழைய ராகத்திலேயே பாடச் சொல்லுங்கள். முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துப் பதிவு செய்பவரையே சட்டம் ஒலிப்பதிவின் தயாரிப்பாளர் என்கிறது. அந்த ஒலிப்பதிவு உங்களுடையது. பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை இருப்பதால் ஒவ்வொருவரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பாடல், தெருவில் ஒலிக்கவும் இணையத்தில் ஏற்றவும் சம்மதம், எத்தனை ஆண்டு, எந்த நாடுகளில் என்று எழுதியிருக்க வேண்டும். உரிமை பற்றிய தாள்களில் காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும் இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூபுக்கு இந்தியா மட்டும் என்பது போதாது. பெரிய பத்திரமெல்லாம் வேண்டாம், இரண்டு பிரதி போதும். சிறு பிள்ளைகள் பாடினால் பெற்றோர் கையெழுத்திடட்டும்.

விளக்கு பாட்டுக்கு அரை நொடி பின்தங்கியதைப் பற்றியும் மகன் கேட்டிருக்கிறான். சட்டக் கேள்வி இல்லை. ஆனாலும் வீட்டில் இதே பைத்தியம் பிடித்த ஒரு பையன் எனக்கும் உண்டு என்பதால் சொல்கிறேன். மாறும் பிட் வீதத்தில், அதாவது வினாடிக்கு ஆகும் தரவின் அளவு இடத்துக்கு இடம் மாறும்படி, உள்ள எம்.பி.3 கோப்பில் நேரக் கணக்குத் தவறுவது வழக்கம். எம்.பி.3 ஆக மாற்றும்போதே தொடக்கத்தில் சில பத்து மில்லி வினாடி மௌனமும் சேர்ந்துகொள்ளும். காணொளியிலிருந்து எடுக்கும் ஒலி பெரும்பாலும் வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) கொண்டது, சி.டி. 44,100. எல்லாவற்றையும் முதலிலேயே 44,100 ஆக, நிலையான பிட் வீதத்தில் அல்லது வேவில் ஒரே கோப்பாக்கி, அதை வைத்தே விளக்கை அடுக்கி, அதே கோப்பையே ஓடவிடச் சொல்லுங்கள். அடுக்கி முடித்த பிறகு கோப்பை மாற்றினால் 25 மில்லி வினாடிக் கட்டங்களில் உட்கார்ந்து அவன் செய்த வேலையெல்லாம் நகர்ந்துவிடும்.

அவன் செய்த விளக்கு வரிசைக் கோப்பை நண்பர்களுக்குத் தரலாமா என்ற கேள்விக்கு: தாராளமாகத் தரலாம், விற்கவும் செய்யலாம். எக்ஸ்லைட்ஸ் என்ற விளக்கு அடுக்கும் மென்பொருள் உருவாக்கும் அந்தக் கோப்பில் 800 விளக்குக்கும் நிறத்துக்கு ஒன்றாக மும்மூன்று என 2,400 தடங்களின் வெளிச்சக் கணக்குதான் இருக்கிறது, பாட்டு இல்லை. பாட்டுக் கோப்பைச் சேர்த்து அனுப்பாமல் இருந்தால் போதும்.

தொலைபேசிக்காரர் எழுத்தில் ஏதாவது அனுப்பினால் அதன் நகலை எனக்கு அனுப்பிவையுங்கள். அதுவரை அந்த 15,000 உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும்.